‘ரெஸ்ட்ரிக்ட்’ என்றால் குறைப்பதா, நிறுத்துவதா?

கையேட்டுக்காரி:
வணக்கம். ஒரு மருத்துவமனை நோயாளிகளுக்குக் கொடுக்கும் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ஆங்கில மூலத்தில் ‘ரெஸ்ட்ரிக்ட்’ என்ற வினை பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. திரவங்களை நாளுக்கு ஒரு லிட்டருக்கு ரெஸ்ட்ரிக்ட் செய்யச் சொல்கிறார்கள். தோள்பட்டை அசைவு ரெஸ்ட்ரிக்டட் ஆக இருந்தால் டாக்டரைப் பார்க்கச் சொல்கிறார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் பார்வையாளர் நேரம் ரெஸ்ட்ரிக்டட். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ‘ரெஸ்ட்ரிக்டட் ஏரியா’.

வேலை கொடுத்தவர்கள் சொற்பட்டியல் ஒன்றும் அனுப்பியிருக்கிறார்கள். இதற்கு நேரே ‘கட்டுப்படுத்து’ என்று போட்டு, எல்லா இடத்திலும் இதே சொல்தான் வர வேண்டும் என்று குறிப்பு. அப்படியே எழுதினால் ‘திரவங்களைக் கட்டுப்படுத்தவும்’ என்று வருகிறது. சிறுநீரை அடக்கிக்கொள்ளச் சொல்கிறார்கள் என்று யாராவது புரிந்துகொண்டால் என்ன செய்வது? ஒரே சொல்லில் இதை முடிக்க வழி உண்டா? இல்லையென்றால் அவர்களிடம் என்ன காரணம் சொல்லலாம்?

இரவுப்பணி:
நான் வார்டில் இருப்பவள். நாங்கள் ‘கட்டுப்படுத்து’ என்று சொல்வதே இல்லை. இதய வீக்கம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு டிஸ்சார்ஜ் தாளில் ‘ஃப்ளூயிட் ரெஸ்ட்ரிக்‌ஷன் ஒரு லிட்டர்’ என்று எழுதியிருக்கும். வாயால் சொல்வது இப்படித்தான்: “ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல போகக் கூடாதும்மா. தண்ணி மட்டும் இல்ல. காபி, மோர், ரசம், கஞ்சி எல்லாம் அந்தக் கணக்குலதான் வரும்.” தண்ணீரை மட்டும் அளந்துவிட்டு மூன்று வேளையும் ரசத்தைக் குடிப்பவர்கள் நிறைய. மறுபடியும் கால் வீங்கி வந்து நிற்பார்கள்.

வீட்டில் அளக்க ஒரு வழி சொல்லிக்கொடுப்போம். காலையில் ஒரு லிட்டர் பாட்டிலை நிரப்பி வைத்துவிட வேண்டும். காபி குடித்தால் அதே டம்ளர் அளவுக்குப் பாட்டிலிலிருந்து கொட்டிவிட வேண்டும். பாட்டில் காலியானால் அன்றைய கணக்கு முடிந்தது. கையேட்டில் இதைச் சேர்க்க முடிந்தால் சேருங்கள். எந்தச் சொல் போட்டாலும் இதுதான் வேலை செய்யும்.

தோள்பட்டை விஷயம் வேறு. அங்கே யாரும் எதையும் கட்டுப்படுத்தவில்லை. கையை முழுசாகத் தூக்க வரவில்லை, அவ்வளவுதான். ஸ்கேன் ரிப்போர்ட்டில் குழந்தையின் ‘க்ரோத் ரெஸ்ட்ரிக்‌ஷன்’ என்று வருவதும் அப்படியே. முன்பு அதை ‘ரிடார்டேஷன்’ என்று எழுதினார்கள்; பெற்றோர் குழந்தைக்கு மூளை வளர்ச்சிக் குறை என்று பயந்துபோவார்கள், அதனால் இந்தப் பெயருக்கு வந்தார்கள். வயிற்றில் குழந்தை வளர வேண்டிய அளவுக்கு வளரவில்லை என்பதுதான் பொருள்.

பழைய_அகராதி:
சகோதரி சொன்னதில் பாதி இலக்கணம் வந்துவிட்டது. ரெஸ்ட்ரிக்ட் என்பதற்கு லத்தீன் மூலம் ‘ஸ்ட்ரிங்கெரே’, இறுக்கிக் கட்டுதல். ஸ்ட்ரிக்ட், ஸ்ட்ரிஞ்சன்ட், கன்ஸ்ட்ரிக்ட் எல்லாம் ஒரே குடும்பம். 16ஆம் நூற்றாண்டிலேயே வினையாக வந்துவிட்டது. ஆனால் 1755இல் சாமுவேல் ஜான்சன் அகராதி போட்டபோது இதை ஆங்கிலச் சொல் என்று ஏற்கவே அவருக்கு மனம் வரவில்லை. அரைகுறை ஆங்கிலம் என்கிற மாதிரி ஒரு குறிப்பு எழுதிவைத்தார். அந்த நூற்றாண்டில் இதை ஸ்காட்லாந்துக்காரர் பேச்சு என்று ஒதுக்கியவர்களும் உண்டு. இன்று அந்தச் சொல் இல்லாமல் ஓர் அரசாணை கிடையாது.

உடன்பிறப்புகளோடு வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரியும். லிமிட் ஒரு கோட்டைக் காட்டும், அதைத் தாண்டாதே என்று. கேப் பெரும்பாலும் எண்ணுக்கு: வட்டி, கட்டணம், விலை. கர்ப் என்றால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதை இழுத்துப் பிடிப்பது. குதிரையின் தாடைக்குக் கீழே கடிவாளத்தோடு இறுகும் சங்கிலிக்கு அந்தப் பெயர். நம் செய்தித்தாள்கள் ‘விலையேற்றத்துக்குக் கடிவாளம்’ என்று எழுதும்போது தெரிந்தோ தெரியாமலோ மிகச் சரியாக எழுதிவிடுகிறார்கள். கன்ஃபைன் ஓரிடத்தில் அடைப்பது. ரெஸ்ட்ரிக்ட் இவற்றில் பொதுவானது. யாருக்கு, எவ்வளவு, எப்போது என்று இடத்தைக் குறுக்குவது.

கையேட்டுக்காரிக்கு ஒரு சுலபமான சோதனை. ஆங்கிலத்தில் அதன் பின்னால் ‘டு’ வருகிறதா என்று பாருங்கள். வந்தால் தமிழில் வினையே பெரும்பாலும் தேவைப்படாது. ‘மட்டும்’ போதும். ‘ஊழியர்கள் மட்டும் உள்ளே வரலாம்.’ எண்ணாக இருந்தால் ‘க்கு மேல் கூடாது’. ஒருவர் தனக்குத்தானே செய்துகொண்டால் ‘ஓடு நிறுத்திக்கொள்’: இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டார்.

கருப்பங்கி:
ஐயா ‘இடத்தைக் குறுக்குவது’ என்கிறார். சட்டத்தில் அவ்வளவு சாதுவான சொல் இல்லை இது.

1950இல் சென்னை மாகாண அரசு ‘கிராஸ் ரோட்ஸ்’ என்ற இதழ் மாகாணத்துக்குள் வரக் கூடாது என்று தடை போட்டது. இதழின் ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் உச்ச நீதிமன்றம் போனார், ஜெயித்தார். பேச்சுரிமையை எந்தக் காரணங்களுக்காகக் குறைக்கலாம் என்று அரசியலமைப்பின் 19(2) பிரிவில் அப்போது இருந்த பட்டியலில் ‘பொது ஒழுங்கு’ இல்லை என்பதுதான் விஷயம். அடுத்த ஆண்டே, 1951இல், அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்தது. பொது ஒழுங்கு உள்ளே வந்தது. கூடவே ‘நியாயமான ரெஸ்ட்ரிக்‌ஷன்கள்’ என்ற தொடரும் அந்த உட்பிரிவுக்குள் வந்தது. தொழில், வணிகம், நடமாட்டம் பற்றிய மற்ற உட்பிரிவுகளில் அந்தத் தொடர் ஆரம்பத்திலிருந்தே இருந்தது.

அப்புறம்தான் உங்கள் தலைப்பில் இருக்கும் அதே கேள்வி நீதிமன்றத்துக்குப் போனது. இறக்குமதிச் செம்பு வியாபாரிகள் வழக்கு, நரேந்திர குமார் எதிர் இந்திய ஒன்றியம், 1960இல் அறிக்கையானது. அரசாணையால் இடைத்தரகு வியாபாரமே படுத்துவிட்டது. ரெஸ்ட்ரிக்‌ஷன் என்றால் குறைப்பதுதானே, முழுசாக மூடுவது அதில் எப்படி வரும் என்று வியாபாரிகள் தரப்பு கேட்டது. ரெஸ்ட்ரிக்‌ஷன் என்ற சொல்லுக்குள் முழுத் தடையும் அடங்கும் என்றது உச்ச நீதிமன்றம். ஆகவே ‘குறைப்பதா, நிறுத்துவதா’ என்றால் எங்கள் பக்கத்துப் பதில், இரண்டும்.

துறைமுகத்தான்:
கருப்பங்கி சார், இதை எங்கள் கஸ்டம்ஸ் ஹவுஸ் பக்கம் வந்து சொல்லிவிடாதீர்கள்.

வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்தின் பட்டியலில் ஒவ்வொரு சரக்குக்கும் எதிரே ஃப்ரீ, ரெஸ்ட்ரிக்டட், ப்ரோஹிபிட்டட் என்று இருக்கும். ப்ரோஹிபிட்டட் என்றால் கதவு மூடியது. ரெஸ்ட்ரிக்டட் என்றால் கதவு இருக்கிறது, சாவி டெல்லியில் இருக்கிறது; லைசென்ஸ் வாங்கிக்கொண்டு வா என்று அர்த்தம். 2023 ஆகஸ்ட் 3ஆம் தேதி லேப்டாப், டேப்லட் இறக்குமதியை ரெஸ்ட்ரிக்டட் பட்டியலில் போட்டார்கள். அன்றைக்கு வாட்ஸ்அப் முழுக்க ‘லேப்டாப் இறக்குமதிக்குத் தடை’ என்றுதான் ஓடியது. தடை இல்லை. கையில் ஒரு லேப்டாப் எடுத்து வருபவருக்கு அந்த விதி பொருந்தவும் இல்லை. நடைமுறைக்கு வரும் தேதியையும் உடனே தள்ளிவைத்தார்கள், பிறகு இணையத்தில் பதிவுசெய்து அனுமதி வாங்கும் முறையாக மாற்றினார்கள். தலைப்பில் ஒரு சொல் தவறியதற்கு எனக்கு எத்தனை போன் வந்தது என்கிறீர்கள்!

கருப்பங்கி:
நீங்கள் சொல்வது அந்தப் பட்டியலுக்குள் சரி. மூன்று பெட்டிகளை அருகருகே வைத்தால் நடுப்பெட்டிக்கு நடுப்பொருள்தான் வரும். அரசியலமைப்பில் நடுப்பெட்டி கிடையாது, ஒரே சொல்தான். அதுவும் நீதிமன்றம் கண்ணை மூடிக்கொண்டு சொல்லவில்லை. ரெஸ்ட்ரிக்‌ஷன் முழுத் தடை அளவுக்குப் போனால், வேறு லேசான வழியில் காரியம் நடக்காதா என்று கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும் என்றும் சேர்த்தே சொன்னது.

ஓய்வூதியன்:
அரசு அலுவலகத்தில் இந்தச் சொல்லோடு ஆயுள் முழுக்கக் குடும்பம் நடத்தியவன் நான். கோப்புகளுக்கு நான்கு ரகசியப் படிநிலை: டாப் சீக்ரெட், சீக்ரெட், கான்ஃபிடென்ஷியல், ரெஸ்ட்ரிக்டட். பெயரைக் கேட்டால் பயங்கரமாக இருக்கும். இருப்பதிலேயே கீழ்ப்படி ரெஸ்ட்ரிக்டட்தான்.

விடுமுறையிலும் ஒரு ரெஸ்ட்ரிக்டட் உண்டு. மத்திய அரசு ஊழியர்கள் ஒரு நீண்ட பட்டியலிலிருந்து ஆண்டுக்கு இரண்டு நாளைத் தங்கள் விருப்பம்போல் எடுத்துக்கொள்ளலாம். நடைமுறையில் அது விருப்ப விடுமுறை. நம் மாநில ஆணைகளில் ‘வரையறுக்கப்பட்ட விடுப்பு’ என்று தமிழ்ப்படுத்தினார்கள். வாய்க்குள் நுழையவில்லை, ஆசிரியர்கள் எல்லாம் ‘ஆர்.எல்.’ என்று சுருக்கிக்கொண்டார்கள்.

கொழும்புத்தமிழ்:
‘வரையறுக்கப்பட்ட’ என்பதில் ஒரு சிக்கல் உண்டு. வரையறை என்றால் டெஃபனிஷனும்தானே. ‘வரையறுக்கப்பட்ட பகுதி’ என்றால் எல்லை குறிக்கப்பட்ட பகுதியா, போகக் கூடாத பகுதியா? எங்கட பக்கம் கம்பெனிப் பெயர்களில் லிமிட்டெட்டுக்கு அதைத்தான் போடுகிறோம், ‘தனியார் வரையறுக்கப்பட்டது’ என்று. அது பெயரோடு ஒட்டிவிட்டது, யாரும் பொருள் பார்ப்பதில்லை.

மற்றபடி செய்திகளில் நாங்கள் கூடுதலாகப் பாவிப்பது ‘மட்டுப்படுத்து’. ‘மட்டுப்படுத்தப்பட்ட அளவில் எரிபொருள் விநியோகம்’. நிப்பாட்டவில்லை, குறைத்திருக்கிறார்கள் என்று கேட்டவுடன் விளங்கும். இந்தியாவில் ஏன் இதைக் கைவிட்டீர்கள் என்று எனக்கு எப்போதும் ஒரு வியப்பு. ‘மட்டு’ அளவு; ‘மட்டும்’ அதிலிருந்து வந்ததுதான். அகராதி ஐயா சொன்ன சோதனைக்கும் இது பொருந்துகிறதே.

பழைய_அகராதி:
அருமை. கைவிடவில்லை, தேய்ந்துவிட்டது. காய்ச்சல் மட்டுப்பட்டது, கோபம் மட்டுப்பட்டது என்று ஊர்ப்பக்கம் இன்றும் சொல்வார்கள். எழுத்தில்தான் ‘கட்டுப்படுத்து’ எல்லா இடத்தையும் பிடித்துக்கொண்டது. கன்ட்ரோல், ரெகுலேட், ரெஸ்ட்ரிக்ட், கர்ப் நாலுக்கும் அதுவே என்று ஆகிவிட்டது. ‘அரசு அரிசி ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது’ என்று படித்தால் அரசு அதை நடத்துகிறதா, குறைக்கிறதா, நிறுத்திவிட்டதா? மூன்றும் வெவ்வேறு செய்தி.

நள்ளிரவு_கம்பைலர்:
நிரலாக்கத்திலும் இதே குழப்பம் இருக்கிறது, சொல்லட்டுமா.

டேட்டாபேஸில் ‘ஆன் டிலீட் ரெஸ்ட்ரிக்ட்’ என்று போட்டால் அது கறாரான மறுப்பு. வாடிக்கையாளர் ஒருவருக்கு ஆர்டர்கள் இருக்கும்போது அந்த வாடிக்கையாளரின் பதிவை அழிக்கப் பார்த்தால் முடியாது என்று பிழை காட்டும். குறைப்பது கூட்டுவது எல்லாம் கிடையாது. அதே இடத்தில் ‘கேஸ்கேட்’ போட்டிருந்தால் ஆர்டர்களையும் சேர்த்து வாரிக்கொண்டு போய்விடும். இதை மாற்றிப் போட்டுவிட்டு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பேக்கப் தேடுபவர்களை எல்லா ஆபீஸிலும் பார்க்கலாம்.

சி மொழியில் 1999ஆம் ஆண்டுத் தரத்தில் வந்த ‘ரெஸ்ட்ரிக்ட்’ நேர் எதிர். அது யாரையும் தடுக்காது. நினைவகத்தில் ஓர் இடத்தைச் சுட்டும் பாயின்டருக்கு முன் அதை எழுதினால், ‘இந்த இடத்து நினைவகத்தை இந்தப் பாயின்டர் வழியாகத்தான் தொடுவேன், வேறு வழியில் மாற்ற மாட்டேன்’ என்று நிரல் எழுதுபவர், நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலருக்கு வாக்குக் கொடுக்கிறார். அதை நம்பி கம்பைலர் வேகமான குறிமுறையை உருவாக்கும். வாக்கை மீறினால் கம்பைலர் எச்சரிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை, விடை கோணலாக வரலாம். நினைவகத்தை நகலெடுக்கும் கட்டளைகளில் ‘மெம்காப்பி’க்கு அந்த வாக்கு உண்டு, ‘மெம்மூவ்’க்குக் கிடையாது, ஒன்றன்மேல் ஒன்று படியும் இடங்களை நகலெடுக்க மெம்மூவைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பது இதனால்தான்.

ரீல்ஸ்_ராணி:
இன்ஸ்டாவை விட்டுட்டீங்களே! 2019இல் வந்த ‘ரெஸ்ட்ரிக்ட்’ பட்டன். பிளாக் பண்ணினால் அவருக்குத் தெரிந்துவிடும், சொந்தக்காரராக இருந்தால் கல்யாண வீட்டில் பஞ்சாயத்து. ரெஸ்ட்ரிக்ட் பண்ணினால் தெரியாது. அவர் நம் பதிவில் போடும் கமென்ட் அவர் கண்ணுக்கு மட்டும் தெரியும், நாம் அனுமதித்தால்தான் மற்றவர்களுக்கு. மெசேஜ் தனியாக ரிக்வெஸ்ட் பக்கம் போய் உட்கார்ந்துகொள்ளும், படித்தோமா இல்லையா என்றும் அவருக்குத் தெரியாது. இதுக்குத் தமிழ் என்ன? ‘கண்டுக்காம விடு’தான்.

பழைய_அகராதி:
சிரித்துவிட்டேன். ஆனால் கவனியுங்கள், அங்கேயும் பொருள் ‘அவர் கண்ணுக்கு மட்டும்’ என்பதுதான்.

சோதனைக்குழாய்:
என் பங்குக்கு ஒன்று. உயிரியலில் ‘ரெஸ்ட்ரிக்‌ஷன் என்சைம்’ என்று படித்திருப்பீர்கள், டி.என்.ஏ.வைக் குறிப்பிட்ட இடத்தில் வெட்டும் நொதி. வெட்டுகிற ஒன்றுக்கு ஏன் இந்தப் பெயர் என்று வகுப்பில் கேட்டால் பாதிப் பேருக்குத் தெரிவதில்லை.

பெயர், வெட்டு கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே வந்தது. 1950களின் தொடக்கத்தில் பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களை ஆராய்ந்தவர்கள் ஒரு விசித்திரத்தைப் பார்த்தார்கள். ஒரு பாக்டீரிய வகையில் செழிப்பாகப் பெருகிய வைரஸ், அதே இனத்தின் இன்னொரு வகைக்குள் விட்டால் பெருகவே தடுமாறியது. அதன் வளர்ச்சி சில வகைகளுக்குள் மட்டும் ரெஸ்ட்ரிக்டட் என்று எழுதினார்கள். காரணம் 1960களில் வெர்னர் ஆர்பர் குழுவின் வேலையால் தெளிவானது. பாக்டீரியா தன் டி.என்.ஏ.வில் மெத்தில் என்ற சிறு வேதித் தொகுதியை அடையாளமாகப் போட்டு வைத்துக்கொள்கிறது, அடையாளமில்லாத அந்நிய டி.என்.ஏ. உள்ளே வந்தால் வெட்டிவிடுகிறது. 1970இல் ஹாமில்டன் ஸ்மித் குறிப்பிட்ட வரிசையில் வெட்டும் நொதியைப் பிரித்தெடுத்தார். டேனியல் நேதன்ஸ் அதை வைத்து ஒரு வைரஸின் டி.என்.ஏ.வைத் துண்டாக்கி வரைபடம் போட்டார். மூவருக்கும் 1978இல் நோபல். பிற்பாடு ஆய்வகங்களில் அன்றாடக் கருவியான ஈகோ-ஆர்-1, ஜி-ஏ-ஏ-டி-டி-சி என்ற வரிசையைக் கண்டால் ஜி-க்கும் ஏ-க்கும் நடுவே வெட்டும்.

ஆக, ‘கட்டுப்பாட்டு நொதி’ என்று எழுதினால் அது உடம்பில் எதையோ நிர்வகிக்கிறது என்று மாணவர் நினைத்துக்கொள்வார். அங்கே நடப்பது எல்லைக் காவல்.

இலக்கணப்பித்தன்:
எல்லோரும் வினையைப் பிடித்துக்கொண்டீர்கள், நான் அதன் பெயரடைக்குப் போகிறேன். ஆங்கில இலக்கணத்தில் ‘ரெஸ்ட்ரிக்டிவ் க்ளாஸ்’ என்று ஒன்று. ‘சென்னையில் இருக்கும் என் தம்பி’ என்பதை ஆங்கிலத்தில் கமா இல்லாமல் எழுதினால் எனக்குப் பல தம்பிகள், அவர்களில் சென்னைக்காரன் என்று பொருள். கமா போட்டால் ஒரே தம்பி, அவன் சென்னையில் இருக்கிறான் என்பது கூடுதல் தகவல். முதலாவது தம்பிகளின் கூட்டத்தைக் குறுக்குகிறது, அதனால் அந்தப் பெயர்.

நம் பெயரெச்சம் இந்த வேறுபாட்டைக் காட்டாது. ‘இருக்கும்’ இரண்டுக்கும் பொது. பேச்சில் கவலையில்லை, கேட்பவருக்கு நம் குடும்பம் தெரியும். ஒப்பந்தத்திலும் உயிலிலும் இது வம்பு. ‘பழுதடைந்த இயந்திரங்களை விற்பவர் திரும்பப் பெறுவார்’ என்றால் எல்லாமே பழுதா, பழுதானவை மட்டுமா? ‘இயந்திரங்களில் பழுதடைந்தவற்றை’ என்று ‘இல்’ போட்டுப் பிரித்தால் சிக்கல் தீர்ந்தது. கையேட்டுக்காரி, ‘வலி தரும் பயிற்சிகளைத் தவிர்க்கவும்’ மாதிரி வாக்கியம் உங்கள் கையேட்டில் இருந்தால் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். பயிற்சி எல்லாமே வலிக்கும் என்று எடுத்துக்கொண்டு சும்மா இருந்துவிடுவார்கள்.

கையேட்டுக்காரி:
அப்படியே ஒரு வாக்கியம் இருக்கிறது! ‘பயிற்சிகளில் எது வலிக்கிறதோ அதை மட்டும் விட்டுவிடுங்கள்’ என்று மாற்றுகிறேன்.

இதுவரை வந்ததை வைத்து இப்படி எழுதியிருக்கிறேன்: ‘தண்ணீர், காபி, மோர், ரசம் எல்லாம் சேர்த்து நாளுக்கு ஒரு லிட்டருக்கு மேல் வேண்டாம்.’ ‘கையை முழுவதும் தூக்கவோ திருப்பவோ முடியாவிட்டால்.’ ‘பார்வையாளர்கள் குறித்த நேரத்தில் மட்டும்.’ தியேட்டர் வாசலுக்கு ‘ஊழியர்கள் மட்டும்’. சொற்பட்டியல்காரர்களுக்குத் துறைமுகத்தான் சொன்ன லேப்டாப் கதையை அனுப்பப் போகிறேன்.

இரவுப்பணி:
‘மேல் வேண்டாம்’ என்று கெஞ்சாதீர்கள், ‘மேல் கூடாது’ என்று போடுங்கள். ஒரு லிட்டர் என்பதையும் அச்சடித்துவிடாதீர்கள். டாக்டர் ஆளைப் பார்த்து ஒன்றரையும் எழுதுவார், எழுநூறும் எழுதுவார். கோடு போட்ட காலி இடம் விடுங்கள், நாங்கள் பேனாவால் நிரப்பிக்கொள்கிறோம். வாசல் பலகையில் ‘மட்டும்’ என்பதைப் பெரிய எழுத்தில் போட்டால் புண்ணியமாகப் போகும்.

துறைமுகத்தான்:
இழை முடிவதற்குள் ஒரு சந்தேகம். எங்கள் ஆபீஸ் மெயில்களில் ‘ரெஸ்ட்ரிக்டட் ஃப்ரம் என்டரிங்’ என்று எழுதுகிறார்கள். லாரி உள்ளே போகக் கூடாது என்ற அர்த்தத்தில். இது சரியா?

பழைய_அகராதி:
இந்திய ஆங்கிலத்தில் சகஜம். ஆனால் இந்த வினையோடு இயல்பாகச் சேர்வது ‘டு’தான்; லாரிகள் இன்ன கேட்டுக்கு, இன்ன நேரத்துக்கு மட்டும் என்று சொல்வதற்கு. உள்ளேயே விடக் கூடாது என்றால் ப்ரிவென்ட், பார், பேன், ப்ரோஹிபிட் இருக்கின்றன. ‘ஃப்ரம்’ அவற்றோடு ஒட்டும். உங்கள் மெயிலைப் படிக்கிற வெளிநாட்டுக்காரர், லைசென்ஸ் இருந்தால் லாரி போகலாம் போலிருக்கிறது என்று நினைத்து அனுப்பிவைத்தால் அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது.

துறைமுகத்தான்:
போன வாரம் அதுதான் நடந்தது. லாரி இன்னும் வெளியில் நிற்கிறது.